ஆறு நாற்காலிகளும் ஒரே உயரம்

ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

நான் சுகம், அப்பா சுகம். சாப்பாட்டு மேசை நாற்காலிகள் ஆறுக்கும்தான் உடம்பு சரியில்லை.

போனில் பேசினால் நாலு வார்த்தைக்குள் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அடுத்த அறையில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் இனி கடிதம் எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது சரிதான். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது பார், எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

நாற்காலிக் கதைக்கு வருகிறேன். அம்மா இருந்த காலத்தில் ஏலத்தில் எடுத்த அதே ஆறுதான். நல்ல கறுத்த, கனமான மரம். அப்பா தன் போட்டோ ஸ்டுடியோவை மூடியபோது மீந்துபோன பச்சைப் பெயின்டை அதன் தலையில் கொட்டி, மரம் என்பதே தெரியாமல் செய்து வைத்தார். பிரம்பு இருக்கைகள் கிழிந்து தொங்குகின்றன. மூட்டுக்கு மூட்டு ஆட்டம். இரண்டை அப்பா கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். போன தடவை வந்தபோது ஒன்று உன்னைத் தரையில் உட்காரவைத்ததே, அதன் பின்னங்கால் இன்னும் தனியாகத்தான் கிடக்கிறது.

புதிது வாங்க வழியில்லை. துணிக்கடையில் இப்போது எனக்கு மத்தியானம் வரைக்கும்தான் வேலை, சம்பளமும் அதற்கேற்றபடிதான். அதனால் நானே இறங்கிவிட்டேன். பின்பக்க வராந்தாவில் பழைய போர்வையை விரித்து, ஒன்றைக் கழற்றிப் போட்டிருக்கிறேன். பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூட்டுகளில் இருக்கிற பழைய பசையை எல்லாம் எடுத்துவிட்டுப் புதுப் பசை வைக்க வேண்டும். பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கிற கருவி வாடகைக்குக் கிடைக்கும் என்றார் தெருமுனை ஆணிக்கடைக்காரர். நான் சைக்கிள் கடையில் ஓட்டை டியூப் இரண்டு சும்மா வாங்கி வந்து, நாற்காலியைச் சுற்றி இழுத்துக் கட்டிவிட்டேன். கல்லு மாதிரி பிடித்துக்கொண்டது. ஆணிக்கடைக்காரருக்கு வியாபாரம் போன வருத்தம்.

அப்பா நன்றாக இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாக நடக்கிறார். பணம் ஒன்றும் அனுப்பாதே. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வாலு


ஜூன் 12

அன்புள்ள வாலு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். இரண்டு தடவை படித்தேன், மூன்றாவது தடவை பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். கோபப்படாதே. நாள் முழுக்கத் தொழிற்சாலையில் உருப்படியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே கீறல், எங்கே ஓட்டை என்று தேடுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. வீட்டுக்கு வந்தால் மட்டும் கண்ணைக் கழற்றி வைத்துவிட முடியுமா?

ஒரே வரியில் மூன்று "நன்றாக" எழுதியிருக்கிறாய். ஒன்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

அந்த நாற்காலிகள் எத்தனை வருடமாக அப்படிக் கிடக்கின்றன? நான் விழுந்தபோதுகூட நீ விழுந்து விழுந்து சிரித்தாயே தவிர, ஆணியைத் தேடவில்லை. இப்போது மட்டும் என்ன அவசரம்? கடையில் அரை நாள் வேலை என்று போகிற போக்கில் சொல்கிறாய். அவர்கள் குறைத்தார்களா, நீயே கேட்டுக் குறைத்துக்கொண்டாயா? அரைச் சம்பளத்தில் இருக்கிறவள் பணம் வேண்டாம் என்கிறாள். எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

எதிர்வீட்டு டீச்சரம்மா போன வாரம் போன் செய்திருந்தார். நானாகக் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். யாரோ ஒருவர் அளவு நாடாவோடு நம் வீட்டுக்குள் போய் வெகுநேரம் கழித்து வந்தாராம். வாலு, நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். வீட்டை யாருக்காவது காட்டிக்கொண்டிருக்கிறாயா? விலை பேசுவதற்கு முன்னால் சாமான்களுக்குப் பளபளப்பு ஏற்றுகிறாயா?

போன தடவை நாம் பேசி முடிவு செய்தது உனக்கு நினைவிருக்கும். அப்பா தானாக நடந்து வந்து, தானாக உட்கார்ந்து, சாப்பிட்டு, தானாக எழுந்திருக்கிற வரைக்கும் அவர் அந்த வீட்டில்தான் இருப்பார், முதியோர் இல்லம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. அது முடியாமல் போகிற அன்றைக்கு நம் ஊர்ப் பக்கத்தில் இருக்கிற இல்லத்தைப் பற்றிப் பேசலாம். நீதான் முதலில் கையை நீட்டிச் சத்தியம் வாங்கினாய். அதில் நான் மாறவில்லை. நீ மாறியிருந்தால் சொல்லிவிடு.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புள்ள அண்ணன்


ஜூன் 20

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

தங்கள் சந்தேகங்கள் வந்து சேர்ந்தன. டீச்சரம்மாவுக்கு என் வாழ்த்து. ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் பார்க்கிற வேலைக்கு உன் தொழிற்சாலையில் சம்பளம் போட்டுக் கொடுக்கலாம்.

அளவு நாடாவோடு வந்தவர் ஆணிக்கடைக்காரர். உடைந்த காலுக்கு மரத்துண்டு வெட்ட அளவெடுக்க வந்தார். வெகுநேரம் ஆனதற்குக் காரணம், அவருக்கு டீ கொடுத்தது. இதுதான் நீ கண்டுபிடித்த வீட்டு விற்பனை. வீட்டை விற்கிற யோசனை யாருக்கு இருக்கிறது என்று எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அண்ணி கேட்கச் சொன்னார்களா? சும்மாதான் கேட்கிறேன். எனக்கும் பென்சில் பிடிக்கத் தெரியும்.

வேலை எங்கே வந்து நிற்கிறது என்று சொல்கிறேன். பச்சை முழுவதும் போய்விட்டது. சுரண்டி எடுத்தபோது உள்ளே அப்படி ஒரு ரேகை, அண்ணா! கையால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பூச்சி அரித்த இடங்களில் தேய்த்த மரத்தூளையே பசையில் குழைத்து அடைத்தேன். அரக்கு பாலிஷைப் பழைய பருத்தித் துணியில் தொட்டுத் தொட்டு, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது என்று போட்டு வருகிறேன். மழை ஈரத்தில் காய மாட்டேன் என்கிறது, பால் மாதிரி வெளுக்கிறது. வெளுத்தால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான். என் விரல் நகத்தை நீ பார்த்தால் டீச்சரம்மாவிடம் புகார் சொல்வாய்.

பிரம்பு பின்ன ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் பலகை அடித்து, கிழிந்த மெத்தையிலிருந்து ஸ்பாஞ்சு வெட்டி வைத்து, ஹாலில் தொங்கிய கோடு போட்ட திரைச்சீலையால் மூடித் தைத்துவிட்டேன். ஐந்து ஆயிற்று. ஆறாவதுக்குத் துணி பற்றவில்லை. கார் சீட் தைக்கிற கடையில் மீந்த ரெக்சின் துண்டு கிடைத்தது, அதைப் போட்டுவிட்டேன். அந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கை வைத்திருக்கிறேன். அழகுக்கு.

அப்பா சுகம். ஒரு "சுகம்"தான் எழுதியிருக்கிறேன், எண்ணிக்கொள்.

வாலு


ஜூலை 1

அன்புள்ள வாலு,

எனக்கே காது குத்துகிறாயா?

பத்து வயதில் அம்மாவின் பழைய பாவாடையிலிருந்து எனக்கு இரண்டு தலையணை உறையும் உனக்கு ஒரு பையும் வெட்டி, மிச்சத்தில் பொம்மைக்குச் சட்டை தைத்தவள் நீ. இன்றைக்கு வரைக்கும் துணியை அளக்காமல் கத்திரி எடுத்ததில்லை. உனக்கு ஆறாவது நாற்காலிக்குத் துணி பற்றாமல் போய்விட்டதாம். இதைக் கடையில் உன்கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிப் பார், சிரிப்பார்கள்.

துணி பற்றாமல் அங்கே ரெக்சின் போகவில்லை. அந்த ஒரு நாற்காலியில் ரெக்சின்தான் வேண்டும் என்று வைத்திருக்கிறாய். ரெக்சினை யார் எதற்காகப் போடுவார்கள்? ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும் என்பதற்காகப் போடுவார்கள். அழகுக்காக ஒரே நாற்காலிக்குக் கை வைக்கிற வழக்கத்தையும் நான் கேள்விப்பட்டதில்லை. கை எதற்கு என்றால் ஊன்றி எழுந்திருப்பதற்கு.

மத்தியானத்துக்கு மேல் உன்னால் வீட்டை விட்டு நகர முடியவில்லை. அதனால்தான் அரை நாள் வேலை. அப்பா வாசலில் நின்று பேப்பர்காரரை அதட்டிப் பல வாரமாயிற்று என்று டீச்சரம்மா சொல்கிறார். இதையும் நானாகக் கேட்கவில்லை. சரி, கேட்டேன்.

அப்பாவுக்கு என்ன ஆயிற்று? நாற்காலியைப் பற்றி ஒரு வரி வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது.

ஆகஸ்ட் மாதம் லீவு கிடைத்திருக்கிறது. வருகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன். அதற்குள் எழுதிவிட்டாயானால் உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

அண்ணன்


ஜூலை 9

அண்ணா,

"அன்புள்ள" என்று போட மனம் வரவில்லை.

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு போன் வந்தது. ரொம்ப இனிமையான குரலில் ஒரு பெண். "மேடம், நாங்க இல்லத்துலேருந்து பேசறோம். ஐயாவோட பேரு வரிசையில மேல வந்திருக்கு. அடுத்த மாசக் கடைசியில ஒரு ரூம் காலியாகுது. கட்டிலுக்குப் பக்கத்துல கம்பி வச்சது வேணுமா, சாதாக் கட்டில் போதுமா?" என்று கேட்டாள். என்ன பேர் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். அப்பா பேரைச் சொன்னாள். யார் கொடுத்தது என்றேன். உன் பேரைச் சொன்னாள்.

ரெக்சினிலிருந்து நாற்காலிக் கைவரை ஆராய்ச்சி செய்கிற ஆள், பென்சிலும் கையுமாக என் வரிகளை எண்ணுகிற ஆள், எனக்குத் தெரியாமல் அப்பாவுக்கு அங்கே கட்டில் போட்டு வைத்திருக்கிறாய்! வரிசையில் மேலே வருகிறது என்றால் நேற்றோ முந்தா நாளோ கொடுத்த பேர் இல்லை. அப்படியானால் சத்தியம் என்று கையை நீட்டியபோதே பின்பக்கமாக வேலையை ஆரம்பித்துவிட்டாய். வீட்டை விற்கிறாயா, விற்கிறாயா என்று என்னைக் கேட்டதெல்லாம் இதை மறைக்கத்தானா?

போன் வந்தபோது அப்பா ஹாலில்தான் இருந்தார். எந்தப் போன் வந்தாலும் "யாரு, என்னவாம்?" என்று கேட்காமல் விடமாட்டார். நேற்றுக் கேட்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். நீ செய்த காரியத்துக்கு அந்த முகத்தை நான் பார்க்க வேண்டியிருந்தது.

உன் ரெக்சின் சந்தேகத்துக்குப் பதில்: ஐந்து நாற்காலியிலும் திரைச்சீலையைப் பிரித்து எறிந்துவிட்டு, ஆறுக்கும் ரெக்சின் போட்டுவிட்டேன். கார் சீட் கடையில் மிச்சமிருந்த துண்டுகளை எல்லாம் பேரம் பேசி அள்ளி வந்தேன். வெந்த செங்கல் நிறம், கண்ணால் பார்க்கச் சகிக்காது. இப்போது எல்லாம் ஒரே ரகம். இதில் எது யாருடையது என்று வந்து கண்டுபிடி.

தங்கை


ஜூலை 17

அன்புள்ள வாலு,

இல்லத்தில் பேர் கொடுத்தது நான்தான். அதை மறுக்கவில்லை. எப்போது, ஏன் என்று இப்போது எழுத முடியாது. வேண்டிய மட்டும் என்னைத் திட்டிக்கொள்.

வீட்டின் ஒரு செங்கல்லின் மேலும் எனக்கோ உன் அண்ணிக்கோ கண் இல்லை. இதை நீ நம்பமாட்டாய், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. ஆகஸ்ட் முதல் வாரம் வருகிறேன்.

அண்ணன்


ஜூலை 26

அண்ணா,

ஏன் என்று எழுத முடியாதாம். கீறல் விழுந்த உருப்படியை இப்படிச் சொல்லி உன் தொழிற்சாலையில் யாராவது தள்ளிவிட்டுப் போக முடியுமா? உன்னைப் பற்றி நான் நினைத்ததற்கெல்லாம் நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

நீ வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு டீச்சரம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன் என்று வேண்டாம். அப்பாவுக்கு முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. தாழ்வான இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமம். உயரமாக இருந்தால் சிரமமே இல்லை. அவ்வளவுதான். அதனால் நாற்காலிக்குக் கால்கட்டை வைத்து நாலு விரல்கடை உயர்த்தினேன். ஒன்று மட்டும் உயரமாக இருந்தால் அசிங்கமாக இருக்கிறது. ஆறையும் உயர்த்தினேன். ஆறும் உயர்ந்ததும் மேசை பள்ளமாகப் போய்விட்டது, தட்டுக்குக் குனிய வேண்டியிருக்கிறது. மேசையையும் உயர்த்தினேன். சேர்ந்தாற்போல எல்லாவற்றுக்கும் கையும் வைத்துவிட்டேன். ஆணிக்கடைக்காரர், "அடுத்தது வீட்டையே உசத்திடலாமா மேடம்?" என்கிறார். அவருக்கு வாய் ஜாஸ்தி.

கால்கட்டைக்கு மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். மாடியில் கிடந்த உன் பழைய கட்டிலை அறுத்துவிட்டேன். நீ இனிமேல் இங்கே வந்து தங்கப் போகிறவனா என்ன?

பாலிஷ் கடைசிப் பூச்சு இன்று காய்ந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம், ஒன்றுகூட ஆடாது. நான் தட்டிப் பார்த்தேன், குதித்தும் பார்த்தேன்.

வா. விருந்தாளியாக வந்தால் சாப்பாடு உண்டு. அப்பாவைக் கூட்டிப் போகிற ஆளாக வந்தால் வாசலிலேயே இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.

வாலு


ஆகஸ்ட் 16

அன்புள்ள வாலு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நான் புறப்படும்போது நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஜெயித்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது, மறைக்கப் பார்த்தாய், மறைக்க வரவில்லை.

ஜெயித்தாய்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சவரம் செய்த முகத்தோடு, காலர் பட்டன்வரை போட்ட வெள்ளைச் சட்டையோடு, அறையிலிருந்து தானாக நடந்து வந்தார். தானாக உட்கார்ந்தார். நன்றாகச் சாப்பிட்டார். கைகளை ஊன்றி எழுந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வீட்டில் இருப்பது மூன்று பேர். நாலு நாற்காலி மேசையைச் சுற்றி இருந்தது. மீதி இரண்டும் அப்பாவின் அறைக் கதவுக்கும் மேசைக்கும் நடுவே, ஒருவர் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், ஏதோ தற்செயலாக விட்டு வைத்த மாதிரி நின்றன. அவர் ஒன்றன் முதுகைப் பிடித்து அடுத்ததற்குத் தாவித் தாவி வந்தார். வீட்டிலேயே உயரமானவன் நான், உட்கார்ந்தபோது என் காலே தரையில் சரியாகப் பதியவில்லை. எல்லாம் பார்த்தேன். உப்புத்தாளும் சைக்கிள் டியூபும் வைத்து ஒருத்தி அப்பாவை மேசைவரை நடக்க வைத்திருக்கிறாள், அதில் போய்க் கீறல் தேடுகிறவன் மனுஷனே இல்லை.

ஆனால் நீ மறுநாள் வேலைக்குப் போயிருந்தபோது நடந்ததை இப்போது எழுதப் போகிறேன். எழுதக் கூடாது என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பேர் கொடுக்கச் சொன்னது அப்பா. குளிர்காலத்தில், நீ குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து எனக்குப் போன் செய்தார். நான் முடியாது என்றேன். மறுபடி மறுபடி செய்தார். "அவகிட்ட நான் சொன்னா அழுவா. நீ செஞ்சதா இருக்கட்டும். நீ கெட்டவனா இருந்துக்கோ, உனக்குப் பழக்கம்தானே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முழங்கால் என்று மட்டும்தான் என்னிடமும் சொல்லியிருந்தார். அதை வைத்து அவருக்கு எவ்வளவு மோசம் என்று தெரியவில்லை. அதனால்தான் உன்னைக் கிளறிக் கிளறிக் கேட்டேன்.

இந்தத் தடவை பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். அவர் பேச்சிலேயே எழுதுகிறேன், நான் மெருகு போட்டதாக நினைக்காதே.

"என் பொண்ணு என்னைத் தூக்குறாடா. துணி மாத்துறா, கழுவுறா. நான் கண்ண மூடிக்கிறேன். அவ பாட்டுக்குக் கடைக் கதை பேசிக்கிட்டே பண்றா, எனக்குக் கூச்சமா இருக்கக் கூடாதுன்னு. அந்தக் கதைய கேக்கும்போதுதான் இன்னும் கூச்சமா இருக்கு. ஆயுசு பூரா ஊர்ல இருக்கிறவனையெல்லாம் தாடைய தூக்கு, தோள இறக்குன்னு சொல்லி நேரா உக்கார வச்சவன் நான். இந்தச் சீட்டப் பாரு, தொடச்சா போயிடும். எவ்வளவு கெட்டிக்காரி! இதுல உக்காரும்போதெல்லாம் எனக்கு எந்திரிச்சு ஓடணும்போல இருக்கு. எந்திரிக்கத்தான் முடியல. யாரோ ஒருத்தர் சம்பளத்துக்குச் செஞ்சா செஞ்சுட்டுப் போகட்டும், அவங்க யாரோ நான் யாரோ. பெத்த பொண்ணு கையால வேணாம்டா."

அப்புறம், "அவ ஆசையா பண்ணிருக்கா, ஞாயித்துக்கிழமை நல்லா நடந்தேனா?" என்று கேட்டார். நல்லா நடந்தீங்கப்பா என்றேன்.

உன்னை ஜெயிக்க வைக்கத்தான் அவர் அன்றைக்கு அப்படி நடந்தார், வாலு.

அறைக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ சரி என்று எழுதாமல் நான் எதுவும் செய்யமாட்டேன். வாக்கை மீறிவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லாதே. உன்னிடம் கெட்டவனாகவே இருந்துவிடலாம் என்று ரயிலில் வரும்போது நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

அண்ணன்


செப்டம்பர் 22

அன்புள்ள அண்ணா,

சரி என்று ஒரு வார்த்தை மட்டும் போனில் சொல்லி வைத்துவிட்டேன். அப்பாவைக் கொண்டுவிடும்போதும், நீ கூட வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். என்ன நடந்தது என்று இப்போதுதான் எழுத வருகிறது.

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு வரியையும் நம்பவில்லை. அப்பா பேசுகிற மாதிரியே எழுத உனக்கு வரும். சின்ன வயதில் அவர் குரலில் பேசி எத்தனை தடவை என்னை ஏமாற்றியிருக்கிறாய். வீட்டைப் பிடிக்க நீ போட்ட கடைசித் திட்டம் இது என்றே நினைத்தேன். அவரிடம் நேராகக் கேட்டால் இல்லை என்பார், இல்லை என்பதில் எனக்கு என்ன தெரியும்? அதனால் நூல் விட்டுப் பார்த்தேன்.

சாப்பாடு போடும்போது சும்மா சொல்கிற மாதிரி, "அந்த இல்லத்துல இடம் வேணாம்னு அண்ணன் சொல்லிட்டானாம்ப்பா. நீங்க இங்கயே இருக்கலாம்" என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன்.

"நல்லதாப் போச்சு" என்றார் உடனே. சிரித்தார்கூட. ஊருக்கெல்லாம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தவரால் தன் முகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை, அண்ணா. உதடு சிரித்தது, மற்றதெல்லாம் விழுந்துவிட்டது. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய் எடுக்கவில்லை.

எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை, கோபம். இத்தனை மாதம் நான் செய்ததெல்லாம் உங்களுக்குத் தண்டனையா என்று கத்த வேண்டும் போல இருந்தது. குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். அங்கே அவருடைய துண்டு, அவருடைய பக்கெட், அவரை உட்காரவைக்கிற ஸ்டூல். அவர் கண்ணை மூடிக்கொள்வதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். சோப்புத் தண்ணீர் பட்டுவிடும் என்று மூடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்து, "பொய் சொன்னேன்ப்பா. இடம் இருக்கு. போலாம்" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, "நீயா சொல்றியா, இல்ல அவன் சொல்லச் சொன்னானா?" என்றார். நம் இரண்டு பேருக்கும் இந்தச் சந்தேகப் புத்தி எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. நானாகத்தான் சொல்கிறேன் என்றேன். அப்புறம்தான் சாப்பிட்டார்.

உன் மேல் இருக்கிற கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. நீ மறைத்ததற்கு இல்லை. என்னிடம் சொல்ல முடியாததை அவர் உன்னிடம் சொன்னாரே, அதற்கு. அது தீரக் கொஞ்ச நாளாகும். கடையில் முழு நாள் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள், போகிறேன். மத்தியானம் ஆனால் கை தானாகப் பையைத் தேடுகிறது.

நேற்று முதல் தடவையாக அவரைப் பார்க்கப் போனேன். வந்தவர்களைப் பார்ப்பதற்கென்று அங்கே ஒரு ஹால் இருக்கிறது. எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். யாரோ நன்றாகச் சவரம் செய்துவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் "வாம்மா, உக்காரு" என்று எதிர் நாற்காலியைக் காட்டினார். போகிற பெண்ணைக் கூப்பிட்டு, "என் பொண்ணு வந்திருக்கா, டீ குடுங்க" என்றார். எனக்குக் கடையில் யார் அதிகாரி, சம்பளம் ஏற்றினார்களா, ஏன் இளைத்திருக்கிறேன் என்று கேள்வி மேல் கேள்வி. பக்கத்து அறைக்காரர் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார் என்று சந்தேகமாம், சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வீட்டில் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நான் அவரைத் தூக்கவில்லை, துடைக்கவில்லை, எதற்கும் தொடவே இல்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று நன்றாக அழுதேன். இதற்கு நீ ஆறுதல் ஒன்றும் எழுத வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீயும் வா, அவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ.

அன்புடன்,
வாலு